யூனியன் நட்டின் மரையில் டேப் சுற்றாதீர்கள்

மோட்டாரை ரிப்பேருக்குக் கழற்ற வேண்டும், பைப்பை அறுக்காமல் முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் ஒன்றுதான். இரண்டு பக்கமும் யூனியன், அதாவது நட்டைத் திருகினால் இரண்டாகக் கழன்று வரும் பைப் இணைப்பு, இருந்தால் அது ஐந்து நிமிட வேலை. இல்லையென்றால் ஹேக்ஸா, அறுத்த பைப்பைச் சேர்த்து ஒட்ட இரண்டு கப்ளர், பசை காயும் வரை வீட்டில் தண்ணீர் இல்லாத ஒரு நாள். இந்த ஒரு காரணத்துக்காகவே பிளாஸ்டிக் யூனியனைத் தயங்காமல் சிபாரிசு செய்யலாம். ஆனால் அதைப் பொருத்துகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு தவறு பொறுமையைச் சோதிக்கிறது: நட்டு ஏறும் பெரிய மரையில் வெள்ளை டேப்பை வரிந்து வரிந்து சுற்றுவது.

யூனியனில் தண்ணீரை நிறுத்துவது நட்டு இல்லை. மரை வெட்டிய தலை, தட்டையான விளிம்புள்ள வால் என்று இரண்டு துண்டுகள். தலையின் முகத்தில் வட்டமான ஒரு பள்ளம், அதில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். வாலின் விளிம்பு ஓ-ரிங்கை அழுத்தும்போதுதான் அடைப்பு உண்டாகிறது. நட்டின் வேலை இரண்டையும் சேர்த்து இழுத்துப் பிடிப்பது மட்டுமே. மரையில் டேப் சுற்றினால் நட்டு பாதி வழியிலேயே இறுகிவிடும். கைக்கு டைட்டாகத் தெரியும், உள்ளே முகங்கள் இன்னும் சேர்ந்திருக்காது. மரை வழியாக வர வேண்டிய தண்ணீரை டேப் சில நாள் தடுத்து வைக்கும், பிறகு சொட்ட ஆரம்பிக்கும். உடனே பைப் ரிஞ்ச் போட்டு இன்னும் அரை சுற்று முறுக்குவார்கள். நட்டு விரிசல் விடும். பழி யூனியன் மேல்.

டேப் வேண்டிய இடம் வேறு. யூனியனின் முனை மோட்டாரிலோ வால்விலோ திருகி ஏறும் வகையாக இருந்தால், அந்த மரைதான் தண்ணீரை நிறுத்தியாக வேண்டும். அங்கே முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் மரைக்கு 3, 4 சுற்று போதும். நுனியில் முதல் மரையை விட்டுவிட்டால் டேப் துணுக்கு லைனுக்குள் போகாது. இரும்பு ஆண் மரையைப் பிளாஸ்டிக் பெண் மரைக்குள் ஏற்றுவதை முடிந்தவரை தவிருங்கள். கொஞ்சம் அதிகம் முறுக்கினாலும் பிளாஸ்டிக் வெளிப்பக்கமாகப் பிளக்கும்.

பசை வைக்கும் முன் ஒரு நொடி நிற்க வேண்டும். நட்டு பைப்பில் ஏறியிருக்கிறதா, அதன் மரைப் பக்கம் தலையைப் பார்த்திருக்கிறதா? வாலை ஒட்டிய பிறகு நட்டு நுழையாது. திரும்ப அறுக்க வேண்டியதுதான். ஓ-ரிங்கையும் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். பசை ஒரு சொட்டு முகத்தில் வழிந்து காய்ந்தால் அது மேடாக நிற்கும், ஓ-ரிங் அங்கே மட்டும் உட்காராது. வெட்டிய பைப்பின் பிசிறை எடுத்து, மெல்லியதாகப் பசை தடவி, செருகும்போது கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விட்டால் பைப் பின்னால் தள்ளும்.

செங்குத்து லைனில் ஓ-ரிங் பள்ளம் உள்ள தலை கீழே இருக்கட்டும், நட்டோடு வால் மேலே இருக்கட்டும். இப்படி வைத்தால் ஓ-ரிங் தன் எடையிலேயே பள்ளத்தில் கிடக்கும். மேலே தூக்கிப் பிடித்த நட்டை விட்டால் அதுவே இறங்கி வந்து மரை மேல் உட்காரும், ஒரே ஆளாகப் பூட்டிவிடலாம். தலைகீழாக வைத்தால் நட்டு பைப்போடு கீழே சறுக்கும், ஓ-ரிங் முகத்திலிருந்து நழுவி விழும். சுவர் ஓரத்தில் குனிந்து அதைத் தேடும்போதுதான் இந்தச் சின்ன ஏற்பாட்டின் அருமை தெரியும்.

இரண்டு முகங்களும் கையால் சேர்த்தாலே சமமாக ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் இடைவெளி தெரிந்தால் பைப்பின் கோணத்தைச் சரிசெய்யுங்கள், நட்டால் இழுத்துச் சேர்க்காதீர்கள். கோணலை நட்டு திருத்தாது, ஓ-ரிங்கை ஒரு பக்கம் நசுக்கும், அவ்வளவுதான். கை இறுக்கம், அதற்கு மேல் கால் சுற்று. அதிலும் ஒழுகினால் மேலும் முறுக்காமல் கழற்றிப் பாருங்கள். மணல், பசைத் துளி, தட்டையாகிப் போன ஓ-ரிங், இந்த மூன்றில் ஒன்று இருக்கும். ஓ-ரிங்குக்குத் தடவ வேண்டும் என்றால் சிலிகான் கிரீஸ். வாசலின், என்ஜின் ஆயில் வேண்டாம். ஓ-ரிங் இபிடிஎம் என்ற வகை ரப்பராக இருந்தால் பெட்ரோலிய எண்ணெயில் ஊறி உப்பிவிடும்.

மோட்டாரின் உறிஞ்சும் பக்கத்து யூனியன் தனி ரகம். மோட்டார் ஓடும்போது அங்கே கசிவு இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை, உறிஞ்சும் பைப்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் ஓடும்போதே யூனியனைச் சுற்றி சோப்பு நுரை தடவிப் பாருங்கள். நுரை உள்ளே இழுபட்டால் குற்றவாளி அங்கேதான்.

ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு யூனியனுக்குப் பெரும்பாலும் ரப்பரே கிடையாது, கூம்பு வடிவ முகங்கள் உலோகத்தோடு உலோகம் உட்காரும். முகத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, நட்டு மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். கழற்றும்போது இரண்டு ரிஞ்ச் வேண்டும், ஒன்று தலையைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருப்ப. பிடிக்காமல் திருப்பினால் சுவருக்குள் பைப் வளையும் இடத்தில் இருக்கும் எல்போ சுழன்றுவிடும். அப்படியே யூனியனையும் சுவருக்குள் புதைக்காதீர்கள்.

இன்னொரு சந்தோஷம்: தட்டை முக யூனியன் இரண்டு பக்கமும் இருந்தால் பைப்பை விலக்கவே வேண்டாம், மோட்டாரைப் பக்கவாட்டில் அப்படியே நகர்த்தி எடுக்கலாம். கூம்பு முகத்தில் அது நடக்காது, சில மில்லிமீட்டராவது பைப் பின்வாங்க இடம் வேண்டும்.

இவ்வளவு நல்ல பொருளுக்கு மனசார முழு மதிப்பெண் போட முடியவில்லை. ஒரு கம்பெனி ஓ-ரிங் இன்னொரு கம்பெனி பள்ளத்தில் பெரும்பாலும் உட்காராது, கடையில் கேட்டால் முழு யூனியனையே வாங்கச் சொல்கிறார்கள். ரப்பர் வளையம் ஒன்றுக்காக, பைப்பில் ஒட்டிய நல்ல தலையையும் வாலையும் அறுத்து எறிய வேண்டியிருக்கிறது. அறுக்காமல் இருக்கத்தானே யூனியன்! பத்துக்கு ஐந்து. வாங்கும்போதே அதே கம்பெனி யூனியன் ஒன்று கூடுதலாக வாங்கி, அதன் ஓ-ரிங்கை வெயில் படாத இடத்தில் எடுத்து வையுங்கள்.