பின்னிணைப்பு இல்லாத ஸ்லோக்கம்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்ததை ஜோஷுவா ஸ்லோக்கம் எழுதிய புத்தகத்தின் மலிவுப் பதிப்பு ஒன்று பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அண்மையில் அதன் முதுகு பிளந்து, தாள்கள் கொத்துக் கொத்தாகக் கழன்று விழத் தொடங்கியதால், இங்கே சிங்கப்பூரில், புத்தகக் கடைகள் நிறைந்த பிராஸ் பாசா காம்பிளெக்ஸில் பைண்டிங்குக்குக் கொடுத்திருந்தேன். அதை மேசைமேல் பார்த்த அலுவலக நண்பர், வாங்கலாமா என்று கேட்டார். அங்கேயே பதில் சொல்ல வரவில்லை. 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து 'ஸ்பிரே' என்ற படகில் புறப்பட்டவர், சுமார் 46,000 மைல் ஓட்டி 1898 ஜூனில் திரும்பினார் என்பதெல்லாம் பின்னட்டையிலேயே இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இந்தப் புத்தகத்தின்மேல் எனக்குள்ள தீராத எரிச்சல் ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றியது. ஆஸ்திரேலியாவின் வடமுனையிலுள்ள தர்ஸ்டே தீவிலிருந்து கோகோஸ் தீவுகளுக்கு இந்தியப் பெருங்கடலில் 2,700 மைல் வந்ததைச் சொல்லும் ஸ்லோக்கம், அந்த 23 நாளிலும் தாம் சுக்கானைப் பிடித்திருந்த நேரம் மொத்தமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்காது என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். (1897இல் கோகோஸ், சிங்கப்பூரிலிருந்து ஆளப்பட்ட 'நீரிணைக் குடியேற்றங்கள்' என்ற பிரிட்டிஷ் காலனியின் நிர்வாகத்தில் இருந்தது, சிங்கப்பூரோடு அவருக்கு நேர்ந்த தொடர்பு அவ்வளவுதான்.) மிச்ச நேரமெல்லாம் படகு தானே தன் வழியைப் பிடித்துக்கொண்டு ஓடியது, இவர் உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார் என்றால் எப்படி நம்புவது? பொய் சொல்லும் ஆளாகவும் தெரியவில்லை. விளக்கமும் இல்லை.

அந்த வாக்கியத்தைச் சோதிப்பதற்காகவே கிழக்குக் கடற்கரையில் டிங்கி என்ற சிறு பாய்மரப் படகை ஓட்டக் கற்றுக்கொண்டேன். கரையிலிருந்து சற்று விலகியதும் சுக்கான் தண்டைக் கயிற்றால் கட்டிவிட்டுக் கையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மூச்சு விடுவதற்குள் படகு காற்றை நோக்கித் திரும்பி, பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, நின்ற இடத்திலேயே ஆடியது. இவ்வளவு இலேசான படகில் அது நடக்காது, நீண்ட கனமான அடிமரம் வேண்டும் என்று பயிற்றுநர் சொன்னார். அது பாதிப் பதில்தான்.

மீதிப் பதில் என் பிரதியில் இல்லை என்பது பைண்டிங்கின்போதுதான் தெரிந்தது. பைண்டிங் கூலி புதிய பிரதியின் விலையைவிட அதிகம் என்று சொல்லக் கேட்டு, ஓர் ஒப்பீட்டுக்காக முழுப் பதிப்பு ஒன்றைக் கடையில் எடுத்துப் புரட்டினேன். 1900இல் வெளிவந்த மூலநூலில் கடைசியாக ஒரு பின்னிணைப்பு உண்டு. படகின் உடல் வரைபடம், பாய்களின் அமைப்பு, சுக்கான் கட்டப்பட்ட விதம் எல்லாம் அதில் இருக்கின்றன. காற்று வலுத்தால் மேலே வந்து சுக்கான் சக்கரத்தை ஓர் ஆரக்கால் அளவுக்குத் திருப்பி, மறுபடி கட்டிவிட்டுக் கீழே போய்விடுவாராம். நான் இத்தனை ஆண்டுகள் தேடியது சில பக்கங்களில் அடங்கிக் கிடக்கிறது. காப்புரிமை காலாவதியான நூலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடட்டும். ஆனால் தாள் மிச்சம் பிடிப்பதற்காகக் கடைசிப் பக்கங்களை வெட்டிவிட்டு, அட்டையில் 'முழுமையான பதிப்பு' என்று போட்டுக்கொள்வதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

பயணம் போக நினைக்கும் இளைஞர்களைப் புறப்படுங்கள் என்று அவர் சொல்வதும் அதே பின்னிணைப்பில்தான். கடலின் ஆபத்துகளைப் பற்றிய கதைகளில் பெரும்பாலானவை மிகைப்படுத்தப்பட்டவை என்கிறார். 1909இல் அதே 'ஸ்பிரே'யில் போன ஸ்லோக்கம் திரும்பவே இல்லை என்பதை வைத்துப் பார்க்கையில் இந்த உறுதிமொழியை நான் அப்படியே ஏற்கவில்லை. முப்பது வயதில் அதைப் படித்திருந்தால் போயிருப்பேனா என்று கேட்டால், வீட்டுக் கடனும் கைக்குழந்தையும் இருந்த காலம் அது. நிச்சயமாகப் போயிருக்க மாட்டேன். பெர்னார் ம்வாதெசியே என்ற பிரெஞ்சு மாலுமி தம் படகுக்கே 'ஜோஷுவா' என்று பெயர் வைத்து, 1968இல் தொடங்கிய உலகைச் சுற்றும் போட்டியில் வெற்றி வாய்ப்பு இருந்தும் பாதியில் விலகி, தஹித்தித் தீவுக்கு ஓட்டிக்கொண்டு போனார். அப்படிப்பட்ட வாசகர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் இந்தப் புத்தகம் வேலை செய்தது வேறு வழியில். மாமனார் நாகப்பட்டினத்துக்காரர், செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணி முடிந்தபின் தொலைக்காட்சியை விட்டு எழாதவருக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபேர்ஹேவன் என்ற ஊரின் வயல்வெளியில் கிடந்த மக்கிப்போன படகை 13 மாதம் தாமே உழைத்து, 553.62 டாலர் பொருள் செலவில் ஸ்லோக்கம் மீண்டும் கட்டிய அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். பலகை இடுக்குகளில் பஞ்சு திணிக்கும் இடம் வந்தது. அது தங்காது, வெளியே ஊர்ந்து வந்துவிடும் என்று வேடிக்கை பார்த்தவர்கள் எச்சரிக்கிறார்கள். இவர் காதில் போட்டுக்கொள்ளாமல் அடிக்கிறார். மாமா தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார்.

"எத்தனை இழை வச்சு அடிச்சார்னு போட்டிருக்கா மாப்பிள்ளை?"

விரலால் சோபாவின் தையல் ஓரத்தைத் தடவியபடி, பலகை காய்ந்திருக்கும்போதே அடிக்க வேண்டும், தண்ணீரில் மரம் ஊதியதும் பஞ்சை அதுவே இறுக்கிக்கொள்ளும் என்று விளக்கினார். அடுத்த வாரம் எங்கள் செருப்பு அலமாரியின் ஆடிய கால் தாழ்வாரத்தில் கழற்றப்பட்டது. பிறகு பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியின் நாற்காலி வந்தது; அதன்பின் யார் யாருடையவோ வந்தன. கூலி வாங்குவதில்லை, மரத்தூளை மட்டும் யாராவது கூட்ட வேண்டும் என்று மனைவி முறையிடுகிறாள். விலையைவிடக் கூடுதலாகக் கூலி கொடுத்து ஒரு மலிவுப் புத்தகத்தை நான் பைண்டு செய்ததும் இந்தத் தொற்றின் கணக்கில்தான் வரும்.

அச்சு பொடி எழுத்து. தாமஸ் ஃபோகர்ட்டி, ஜார்ஜ் வேரியன் ஆகியோர் மூலநூலுக்கு வரைந்த படங்களும் என் பிரதியில் இல்லை. அவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்; பின்னிணைப்பு இல்லாததைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஐந்துக்கு ஒன்றுதான் கொடுப்பேன். நண்பரிடம் இந்தப் பதிப்பை வாங்காதீர்கள் என்று சொல்லிவிட்டேன். என் பிரதியை இரவல் கேட்டார், அதற்கும் மறுத்துவிட்டேன். முழுப் பதிப்பு ஒன்றைக் கையோடு வாங்கி வந்திருக்கிறேன். அதன் கடைசிப் பக்கங்களிலுள்ள வரைபடத்தை இரண்டு மடங்காகப் பெரிதாக்கி நகலெடுத்து வரச் சொல்லியிருக்கிறார் மாமா.