ஹீமோடயாலிசிஸா, வயிற்று வழி டயாலிசிஸா?

நலமான சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, அதில் பெரும்பகுதியை இரத்தத்திற்கே திருப்பியனுப்பிவிட்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. அவை செயலிழந்தபின் இப்பணியில் ஒரு பகுதியை டயாலிசிஸ் ஏற்கிறது.

ஹீமோடயாலிசிஸில் இரத்தம் வெளியே எடுக்கப்பட்டு, இயந்திரத்தின் வடிகட்டி வழியாகச் சென்று உடலுக்குத் திரும்புகிறது. வழக்கமாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் ஆகும். இதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அமைக்கும் ஃபிஸ்டுலாவின் மீது விரல் வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும். அந்த அதிர்வு நின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரு அமர்வுகளுக்கு இடையில் சேரும் நீரைச் சில மணி நேரத்தில் இறக்குவதால் இரத்த அழுத்தம் சரிவதும் தசை பிடித்துக்கொள்வதும் உண்டு.

வயிற்று வழி முறையில் இயந்திரம் கட்டாயமில்லை. நிரந்தரமாகப் பொருத்திய குழாய் வழியே ஏறத்தாழ 2 லிட்டர் கரைசலை வயிற்றறைக்குள் விட்டால், அங்குள்ள சவ்வே வடிகட்டியாகிக் கழிவுகளைக் கடத்த, கரைசலிலுள்ள குளுக்கோஸ் மிகைநீரை ஈர்க்கிறது. நாளுக்கு 4 முறை வீட்டிலேயே மாற்றலாம். ஆனால், கை கழுவுவதில் சற்றே அசட்டையாக இருந்தாலும் வயிற்றறைத் தொற்று வரக்கூடும். வெளிவரும் கரைசல் கலங்கியிருப்பது அதன் முதல் அடையாளம். புரத இழப்பும் உண்டு.

சிறுநீர் இன்னும் ஓரளவு பிரிபவர்க்கும், டயாலிசிஸ் மையத்திலிருந்து தொலைவில் வாழ்பவர்க்கும் இரண்டாவதே ஏற்றது என்பேன். வயிற்றில் பல அறுவைகள் நடந்திருந்தால் முதலாவதே பாதுகாப்பானது.