ஆர்டெக்ஸ் எம்ஈ406 ஈஎல்டி: வருடச் சோதனையில் எப்படித் தேறுகிறது?

அமெரிக்காவில் பறக்கும் செஸ்னா, பைப்பர் போன்ற சிறு விமானங்களின் வால்பகுதியைத் திறந்தால் அடிக்கடி கண்ணில் படும் ஈஎல்டிகளில் (விபத்து நடந்தால் தானாகவே உதவி கேட்டு சிக்னல் அனுப்பும் கருவிகள்) எம்ஈ406-உம் ஒன்று. 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளையும் 121.5-இல் தேடி வருபவர்களையும் அழைக்கும். 121.5 மட்டுமே உள்ள பழைய கருவிகளை 2009 பிப்ரவரி 1-லிருந்து எந்தச் செயற்கைக்கோளும் கேட்பதில்லை. அதை வைத்திருப்பவர்கள் தாமதிக்காமல் மாற்றிவிட வேண்டும்.

பொருத்துவது சுலபம். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பிஎன்சி (ஆண்டெனா கேபிளை மாட்டும் இணைப்பு), ஒரே ஆண்டெனா. செல்ஃப் டெஸ்ட்டும் தெளிவு: விமானி அறையிலுள்ள ரிமோட் சுவிட்சை ஒரு விநாடி ஆனில் வைத்து ஆர்முக்கு (விபத்துக்குக் காத்திருக்கும் நிலை) திருப்பினால் விளக்கு கண் சிமிட்டும். ஒரு சிமிட்டல் என்றால் சரி. மூன்று என்றால் ஆண்டெனாவிலோ அதன் கேபிளான கோஆக்ஸிலோ கோளாறு. ஏழு என்றால் பேட்டரி ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவாகிவிட்டது, மாற்றியாக வேண்டும்.

ஆனால் அந்த ஒற்றைச் சிமிட்டலை மட்டும் நம்பி லாக்புக்கில் கையெழுத்துப் போடக்கூடாது. சிக்னல் உண்மையில் வெளியே போகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். விமானத்தின் விஎச்எஃப் ரேடியோவில் கேட்டால் போதாது. ஆண்டெனா கழன்றிருந்தாலும் அவ்வளவு பக்கத்தில் அது பிடித்துவிடும். ஈஎல்டியை ஆன் செய்து, மலிவான ஏஎம் ரேடியோ ஒன்றை அதன் ஆண்டெனாவிலிருந்து ஆறு அங்குலத்தில் பிடியுங்கள். அதில் ஊளை கேட்டால்தான் ஆண்டெனா வேலை செய்கிறது. ஒவ்வொரு மணி நேரமும் தொடங்கிய முதல் ஐந்து நிமிடத்துக்குள், மூன்று ஊளைக்கு மேல் போகாமல் முடித்துவிடுங்கள். ஆனிலேயே விட்டால் சுமார் 50 விநாடியில் 406 அழைப்பு நிஜமாகவே கிளம்பிவிடும்.

மோதலை உணர்ந்து கருவியை இயக்கும் ஜி-சுவிட்ச் இன்னொரு கண்ணி. கனெக்டரில் 5, 12 பின்களை இணைக்கும் சிறு லூப் இல்லாவிட்டால் அது செத்த மாதிரிதான். கழற்றிய பெட்டியை எவ்வளவு உதறினாலும் சத்தம் வராததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், பழுது அல்ல. லூப்பைப் போட்டு, அம்புக்குறி காட்டும் திசையில் வேகமாக முன்னே தள்ளிச் சட்டென்று பின்னுக்கு இழுங்கள், விநாடிக்கு 4.5 அடி வேக மாற்றத்தில் விழித்துக்கொள்ள வேண்டும். திரும்ப மாட்டும்போது அம்பு விமானத்தின் மூக்கைப் பார்க்கட்டும்.

எங்களுக்குப் பெரிய கவலை பெட்டியைப் பிடித்திருக்கும் கட்டுதான். 2010 ஆகஸ்டில் அலாஸ்காவில் முன்னாள் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் இறந்த விபத்தில், ஈஎல்டி தட்டிலிருந்து கழன்று ஆண்டெனா இணைப்பு அறுந்துபோனதால் சிக்னல் யாருக்கும் எட்டவில்லை. உங்களுடையது வெல்குரோ பட்டையாக இருந்தால் பஞ்சு, எண்ணெய்ப் பிசுக்கு, தளர்ச்சி பாருங்கள். கட்டியபின் பெட்டியைக் கையால் முறுக்கிப் பார்த்தால் துளியும் அசையக்கூடாது. சந்தேகம் வந்தால் பட்டையை மாற்றிவிடுங்கள். கோஆக்ஸைக் கொஞ்சம் தொய்வாக விடுங்கள்.

பேட்டரி மாற்றும்போது மூடிக்குக் கீழே வயர் நசுங்காமல் பார்ப்பதும் முக்கியம். 2013-இல் ஹீத்ரூவில் நின்றிருந்த போயிங் 787-இல் தீப்பிடித்ததில், வேறொரு மாடல் ஈஎல்டியில் அப்படி நசுங்கிய வயர்களுக்குப் பங்கு இருந்தது.

குறை என்றால் உள்ளே ஜிபிஎஸ் இல்லை. புதிதாக வாங்குபவர்கள் ஜிபிஎஸ் இணைப்பை ஏற்கும் ஈஎல்டி 345-க்குப் போகலாம். ஏற்கெனவே இருப்பதைக் கழற்றத் தேவையில்லை. செகண்ட்ஹேண்ட் விமானத்தோடு வந்ததென்றால், அதன் 15 இலக்கக் குறியீட்டை நோவாவில் (ஈஎல்டிகளைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசு அமைப்பு) உங்கள் பெயருக்கு மாற்றி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள், கட்டணம் கிடையாது. மாற்றாவிட்டால் மீட்புக்குழுவின் முதல் போன் பழைய உரிமையாளருக்குத்தான் போகும்.