மூன்று புள்ளிகளுக்கு இரண்டு வேலைகள்: எம்டிஎன் தளத்தின் விளக்கப் பக்கங்கள் குறித்து

இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் அடுத்தடுத்து வைக்கப்படும் மூன்று புள்ளிகள் ஓரிடத்தில் ஸ்ப்ரெட் என்றும் இன்னோரிடத்தில் ரெஸ்ட் என்றும் அழைக்கப்படுகின்றன. அரேக்களுக்கும் (மதிப்புகளின் வரிசைப் பட்டியல்) ஃபங்ஷன்களுக்கும் (பெயர்சொல்லி அழைக்கும் நிரல் துண்டு) அம்மொழியின் தர வரையறையான எக்மாஸ்கிரிப்டின் 2015ஆம் ஆண்டுப் பதிப்பிலும், ஆப்ஜெக்ட்களுக்கு (பெயரிட்ட மதிப்புகளின் தொகுப்பு) 2018ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இவை வந்து சேர்ந்தன. அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லித்தரும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், மொசில்லா 2005இல் தொடங்கிய, இணைய நிரலாளர்களுக்கான விளக்கத் தளமான எம்டிஎன்னில் இவற்றுக்கென உள்ள இரண்டு பக்கங்களையும் அண்மையில் வரிவிடாமல் படித்தேன்.

பலரும் ஸ்ப்ரெட் ஆபரேட்டர் என்று சொல்லிப் பழகியிருக்க, இத்தளம் அதை ஸ்ப்ரெட் சின்டாக்ஸ் (எழுதும் முறை) என்றே குறிப்பிடுகிறது. இது வெறும் சொல் பிடிவாதம் அன்று. கூட்டல் குறி போன்ற ஆபரேட்டர் ஒரு மதிப்பைத் தரும். அதை மாறியில் வைத்துக்கொள்ளலாம். மூன்று புள்ளிகளோடு ஓர் அரேயை எழுதி அப்படியே ஒரு மாறிக்குக் கொடுத்தால் நிரல் ஓடவே ஓடாது. அழைப்பின் அடைப்புக்குறிக்குள்ளோ, அரே அல்லது ஆப்ஜெக்ட் எழுதும் அடைப்புக்குள்ளோ மட்டுமே அதற்கு இடமுண்டு.

ஸ்ப்ரெட் பக்கத்தின் முதல் எடுத்துக்காட்டு, மூன்று எண்களைக் கூட்டும் ஃபங்ஷனுக்கு ஓர் அரேயைப் பிரித்துக் கொடுத்து, அதையே பழைய அப்ளை முறையிலும் செய்து காட்டுகிறது. இரண்டுக்கும் விடை 6. ரெஸ்ட் பக்கமோ எத்தனை எண்கள் வந்தாலும் ஒரே அரேயில் சேர்த்துக்கொள்ளும் ஃபங்ஷனை முன்வைக்கிறது. ஃபங்ஷனுக்கு வந்த மதிப்புகளைத் தாங்கும் பழைய ஆர்கியுமென்ட்ஸ் உண்மையான அரே அன்று என்பதால் மேப், சார்ட் போன்ற அரே செயல்கள் அதில் நேரடியாக இயங்கா. ரெஸ்ட் தருவதோ முழுமையான அரே. ரெஸ்ட் ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம், அதுவும் கடைசியில்தான் வரவேண்டும் என்ற விதிகளும் தெளிவாகவே உள்ளன.

என் குறை வேறிடத்தில் இருக்கிறது. ரெஸ்ட் என்பது ஒருவகையில் ஸ்ப்ரெட்டின் எதிர்ச்செயல் என்று சொல்லிவிட்டு, ஸ்ப்ரெட் பக்கம் வேகமாக நகர்ந்துவிடுகிறது. அரே அல்லது ஆப்ஜெக்டின் உறுப்புகளைத் தனித்தனி மாறிகளில் பிரித்து வாங்கும் டீஸ்ட்ரக்சரிங்கில் வரும் ரெஸ்ட்டுக்கு மூன்றாவதாக ஒரு பக்கத்துக்குப் போகவேண்டும். தொடக்க நிலையில் உள்ளவர் தடுமாறுவது சரியாக இந்த இணைப்பில்தான். நான் சொல்லித்தரும் முறை எளிது: மதிப்புகளைக் கொடுக்கும் இடத்தில் புள்ளிகள் இருந்தால் மூட்டை பிரிக்கப்படுகிறது, பெயர்களால் வாங்கிக்கொள்ளும் இடத்தில் இருந்தால் மிச்சமெல்லாம் மூட்டையாகக் கட்டப்படுகிறது.

நகலெடுப்பது பற்றிய பகுதிக்காகவே ஸ்ப்ரெட் பக்கத்தை எவருக்கும் பரிந்துரைப்பேன். ஸ்ப்ரெட் ஒரு நிலை ஆழத்துக்கு மட்டுமே நகலெடுக்கிறது. உள்ளே இருக்கும் அரேயோ ஆப்ஜெக்டோ இரண்டு பிரதிகளுக்கும் பொதுவாகவே நிற்கிறது. அரேக்குள் அரே வைத்து, நகலின் உள் அரேயிலிருந்து ஓர் உறுப்பை நீக்கினால் மூலத்திலும் அது காணாமல் போவதை இப்பக்கம் செய்து காட்டுகிறது. முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், இயல்பு அமைப்புகளைக் கொண்ட ஆப்ஜெக்டை மூன்று புள்ளிகளால் நகலெடுத்து, அதற்குள் இருந்த அச்சு அமைப்பை ஒரு பயனருக்காக மட்டும் மாற்றினேன். அந்த மாற்றம் அனைவருக்கும் போய்ச் சேர்ந்ததைக் கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆனது. முழு ஆழத்துக்கும் நகல் வேண்டுமானால் ஸ்ட்ரக்சர்டுகுளோன் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஆப்ஜெக்ட்களைச் சேர்க்கும்போது பின்னால் வருவதே நிலைக்கும் என்பதோடு, ஆப்ஜெக்ட்களை இணைக்கும் இன்னொரு வழியான ஆப்ஜெக்ட் அசைன், செட்டர்களை (மதிப்பு வைக்கும்போது தானாக ஓடும் ஃபங்ஷன்கள்) இயக்கும், ஸ்ப்ரெட் இயக்காது என்ற நுணுக்கத்தையும் இப்பக்கம் விடவில்லை.

அரேக்குள் பிரிக்கும்போது இட்டரபிள் (உறுப்பு உறுப்பாக வரிசையில் எடுக்கத்தக்கது) அல்லாத எதுவும், அதாவது சாதாரண ஆப்ஜெக்டோ, நல் என்ற வெறுமை மதிப்போ, பிழை தரும். ஆப்ஜெக்டுக்குள் நல்லைப் பிரித்தால் ஒன்றும் நடக்காது. சரங்களையும் (எழுத்துத் தொடர்கள்) பிரிக்கலாம் என்று படித்ததும் ‘தமிழ்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். நாம் மூன்று எழுத்து என்போம். கிடைத்தவை 5 உறுப்புகள், ஏனெனில் யூனிகோடில் மகரத்தின் இகரக் குறியும் ழகரத்தின் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். மூன்றாகவே பெற மொழிக்கேற்ப உரையைப் பிரிக்கும் Intl.Segmenter என்பதை நாடவேண்டும். ஆங்கில எடுத்துக்காட்டுகளை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு இது தோன்றாது; தமிழ்ப் பெயர்களின் எழுத்துகளை எண்ணும் நிரல் எழுதுபவர் முதலில் இதைத்தான் சோதிக்கவேண்டும்.

தளம் இலவசம், கணக்கு தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை. முதன்முறை நிரல் எழுதுபவருக்கு இது பாடநூலாகாது, ஆனால் ஆறு மாதம் எழுதியவருக்கு இதைவிட நம்பகமான துணை எனக்குத் தெரியவில்லை. ஜப்பானியம், கொரியம், பிரெஞ்சு உட்படச் சில மொழிகளில் பக்கங்கள் கிடைக்கின்றன. தமிழ் அப்பட்டியலில் இல்லை. உள்ளடக்கம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் எவரும் மொழிபெயர்க்கலாம். நகல் பற்றிய பகுதியை எங்கள் குழுவுக்காகத் தமிழாக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு நிலை ஆழ நகலைக் குறிக்கும் ஷாலோ காப்பிக்கு ‘மேலோட்ட நகல்’ பொருந்திவிட்டது, ரெஸ்ட்டுக்கு ‘எஞ்சியவை’ என்பதா ‘மீதி’ என்பதா என்பதில்தான் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.