15,000 வெள்ளிக்குள் செக்கண்ட் ஹேண்ட் கார்: மைவி, வீவா, சாகா

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் 15,000 வெள்ளியை (ரிங்கிட்) வைத்துக்கொண்டு கார் தேடினால், கடைசியில் மூன்று பெயர்கள்தான் மிஞ்சும்: பெரோடுவா மைவி 1.3, பெரோடுவா வீவா 1.0, புரோட்டோன் சாகா. மூன்றுக்கும் சாமான் பட்டணத்துக் கடையிலேயே கிடைக்கும். எந்தப் பட்டறையிலும் தயங்காமல் கை வைப்பார்கள். இதில் எங்கள் ஓட்டு மைவி 1.3-க்குத்தான். ஆனால் ஒரு நிபந்தனை: அடியில் துரு இருக்கக்கூடாது. 2013 மைவி துருவோடும் 2009 மைவி துருவில்லாமலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், பழையதையே எடுக்கலாம்.

காரணம் எளிது. எஞ்சின் தேய்ந்தால் பழைய எஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்திவிடலாம். கியர்பாக்ஸும் அப்படித்தான். தரைத்தகடு அரித்துப் போன காரை வெல்டிங் வைத்து எத்தனை முறை ஒட்டினாலும் அடுத்த மழைக்காலத்தில் வேறோர் இடத்தில் பிய்த்துக்கொள்ளும்.

தோட்டத்துக் காரில் துரு வேறு மாதிரி வரும். உர மூட்டை ஏற்றிய பூட்டில் (காரின் பின்பெட்டியில்) சிந்திய பொட்டாஷ் உரம் ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்றுவிடும். அதில் உள்ள குளோரைடு அப்படிப்பட்டது. கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) ஏற்றிய காரில் அந்தப் பாலை உறைய வைக்கும் எசிட் ஒழுகியிருக்கும். அதனால் பூட் கம்பளத்தைத் தூக்கி, ஸ்பேர் டயரை வெளியே எடுத்து, அந்தக் குழியை டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாகக் கறுப்புச் சாயம் பூசியிருந்தால் விரலால் அழுத்துங்கள், ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு 'டங்' என்று ஒலிக்கும். அரித்தது மந்தமாக ஒலிக்கும். வாசனை திரவியம் தூக்கலாக மணக்கும் காரில் வேறு ஏதோ வாடையை மறைக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஜாக்கி வைத்தோ பட்டறையில் ஏற்றியோ அடியைப் பார்க்க வேண்டும். செம்மண் சாலையில் ஓடிய காரில் கதவுக்குக் கீழுள்ள தண்ணீர் வடியும் துளைகள் மண்ணடைத்திருக்கும். அங்கே தங்கும் ஈரம்தான் கதவோரத் தகட்டை உள்ளிருந்து அரிக்கிறது. லோவர் ஆர்ம் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை) புஷ் வெடித்திருக்கிறதா, டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா, அப்சோர்பரில் (குலுக்கலைத் தாங்கும் பாகம்) எண்ணெய் கசிகிறதா என்பதை அப்போதே பார்த்துவிடுங்கள். இவையெல்லாம் மாற்றக்கூடிய சாமான்கள். விலை குறைக்கப் பயன்படும், அவ்வளவுதான். முன் டயரின் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் தவறியிருக்கலாம், ஆர்ம் வளைந்திருக்கவும் கூடும். டயர் செய்த தேதியைக் காட்டும் நான்கு இலக்கத்தையும் படியுங்கள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

வெள்ளத்தில் முழுகிய காரைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே இருக்கலாம். சீட் தண்டவாளத் துருவும் காட்டிக் கொடுக்கும். விபத்தில் சிக்கிய காரா என்று அறிய பானெட் (எஞ்சின் மூடி), ஃபென்டர் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) போல்ட்டுகளில் சாயம் பெயர்ந்திருக்கிறதா பாருங்கள். இரண்டு கார்களை வெட்டி ஒட்டிய வண்டியா என்ற சந்தேகம் வந்தால், கதவு ரப்பரை உரித்துத் தூண்களில் வெல்டிங் தழும்பு தேடுங்கள். தழும்பு கிடைத்தால் பேரமே வேண்டாம்.

இனி எஞ்சின். 2005 முதல் வந்த மைவியிலும், 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறையிலும் 1.3-க்கு ஒரே கே3-விஇ எஞ்சின்தான். டைமிங் செயின் (வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் சங்கிலி) உள்ளது; பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. ஆனால் எண்ணெய் மாற்றாமல் ஓட்டியவர் கையில் செயினும் தளர்ந்துவிடும். ஆகவே காலையில், கார் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். 'ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வச்சிட்டேன்ணே' என்று விற்பவர் சொன்னால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினில் முதல் சில வினாடி கரகரவென்று சத்தம் கேட்டு நீடித்தால் செயின்மேல் சந்தேகப்படலாம். ரேடியேட்டர் மூடியையும் குளிர்ந்த நிலையில்தான் திறக்க வேண்டும். உள்ளே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, எஞ்சின் எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் பசை இருந்தாலோ ஹெட் கேஸ்கட் (எஞ்சின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) பிரச்சினையாக இருக்கலாம். வால்வ் கவர் ஓரம் லேசான கசிவு மட்டும் என்றால் பயப்பட வேண்டாம்.

ஆட்டோ கியரை பிரேக்கை மிதித்தபடி பார்க்கிங்கிலிருந்து டிரைவுக்கும் ரிவர்சுக்கும் மாற்றுங்கள். டக்கென்று இடித்தாலோ, இரண்டு மூன்று வினாடி யோசித்துவிட்டுப் பிடித்தாலோ நல்லதல்ல. கியர் எண்ணெய் கருத்துக் கருகிய வாடை வந்தாலும் அதே கதைதான். பிறகு கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறி, ஈப்போ நோக்கி மெனோரா சுரங்கப்பாதை வரை ஓட்டிப் பாருங்கள். ஏர்கோன் போட்டு நால்வரை ஏற்றிக்கொண்டு வழியில் உள்ள மேட்டைத் தாண்டும்போது, வெப்பமானி உள்ள காரில் அது நடுவைத் தாண்டக்கூடாது, கியரும் வழுக்கக்கூடாது. மேனுவல் என்றால் சமதரையில் நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் மிதியுங்கள். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது.

ஏர்கோனை நண்பகல் வெயிலில் 15 நிமிடம் விட்டுப் பாருங்கள். கூலிங் காயில் ஒழுகினால் டாஷ்போர்டைக் கழற்ற வேண்டிவரலாம்.

வீவா 1.0 தனியாளுக்கும் சிறு குடும்பத்துக்கும் பொருத்தம். 1,000 சிசிக்கு மேல் போகாததால் தீபகற்பத்தில் ரோட் டேக்ஸ் ஆண்டுக்கு 20 வெள்ளிதான், மைவி 1.3-க்கு 70 வெள்ளி. மூன்று சிலிண்டர் என்பதால் நின்றபடி சற்று அதிரும், அது குறையல்ல. ஐந்து பேரும் அரிசி மூட்டையும் ஏறிவிட்டால் மேட்டில் திணறும் என்பதுதான் அதன் குறை.

சாகாவில் இடமும் உண்டு, மேடுபள்ளத்தில் சொகுசும் உண்டு. ஆனால் அதிலுள்ள கேம்ப்ரோ எஞ்சினுக்கு டைமிங் பெல்ட். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று கணக்குப் போடுங்கள். அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும். 2011 முதல் வந்த சாகா எஃப்எல்எக்ஸ் ஆட்டோவில் சிவிடி கியர் (படிப்படியாக மாறாத ஆட்டோ கியர்). இந்த பட்ஜெட்டில் அதைத் தொட வேண்டாம். மேனுவல் சாகா கிடைத்தால் தாராளமாகப் பாருங்கள்.

பெயர் மாற்ற பி5 சோதனை, வங்கிக் கடன் என்றால் பி7 சோதனையும் உண்டு. புஸ்பாகோம் (வாகனச் சோதனை நிலையம்) பாஸ் ஆனது என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். அந்தச் சோதனை காரின் அடையாளத்தைச் சரிபார்க்கும். கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லாது. கிராண்டில் (கார் பதிவுப் பத்திரம்) உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் நீங்களே ஒப்பிடுங்கள். கடன் பாக்கி, போக்குவரத்துச் சம்மன், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) தடை மூன்றும் தீர்ந்த பிறகே முழுப் பணம். டிபாசிட் கொடுத்தால் 'சோதனையில் தவறினால் திருப்பித் தரப்படும்' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

15,000-த்தையும் காருக்கே கொட்டிவிடாமல் 1,500 வெள்ளியை ஒதுக்கி வையுங்கள். முதல் வாரத்திலேயே எஞ்சின் எண்ணெய் (மைவி 1.3-க்கு 4 லிட்டர் டின் ஒன்று போதும்), ஃபில்டர், கியர் எண்ணெய், கூலன்ட், நான்கு பிளக், பிரேக் எண்ணெய் மாற்றிவிடலாம். மிச்சத்தில் பேட்டரியும் முன் டயர் இரண்டும் அடங்கும்.