உறையா, மென்பொருளா: பாலிப் தேடலில் என் தேர்வு

சென்ற ஆண்டு எங்கள் எண்டோஸ்கோபி பிரிவில் ஒரு செலவுக்கு மட்டுமே பணம் இருந்தது. பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு திசு வளர்ச்சியான பாலிப்பைத் திரையில் கட்டமிட்டுக் காட்டும் மென்பொருளை வாங்குவதா, பெருங்குடலுக்குள் செலுத்தும் கேமராக் குழாயான கொலோனோஸ்கோப்பின் நுனியில் மாட்டும் உறையை வாங்குவதா என்பதே கேள்வி. இரண்டையும் சில வாரங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பின்னர் நான் உறைக்கு ஆதரவாகக் கை தூக்கினேன். நாங்கள் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் குடல் புற்றுநோய்த் திட்டத்தில் அஞ்சலில் வந்த மலப் பரிசோதனைப் பெட்டியைத் திருப்பி அனுப்பி, அதில் இரத்தம் தெரியவந்ததால் அழைக்கப்பட்டவர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தேர்வில் அதற்கும் பங்குண்டு.

மென்பொருள் இயங்கும் முறையை நீட்டி விளக்கத் தேவையில்லை. இத்தகைய மென்பொருள்களில் ஒன்றான ஜிஐ ஜீனியஸ் என்பது, கேமராப் படத்தைச் செயலாக்கும் வீடியோ பிராசசருக்கும் திரைக்கும் நடுவே இணைக்கப்படும் பெட்டி. பாலிப் போலத் தெரியும் இடத்தைச் சுற்றி அந்த நொடியே பச்சைக் கட்டம் போடும். அமெரிக்காவில் 2021 ஏப்ரலில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஒலிம்பஸும் ஃபுஜிஃபில்மும் தத்தம் பிராசசர்களுக்கென்றே இத்தகைய மென்பொருளை விற்கின்றன. எண்டோகஃப் விஷன் என்ற உறையில் மின்சாரம் ஏதுமில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் அந்தச் சிறு வளையத்தைச் சுற்றி மென்மையான விரல்கள் இருக்கும். குழாய் உள்ளே போகும்போது அவை பின்னோக்கிப் படிந்துகொள்ளும், வெளியே இழுக்கும்போது விரிந்து குடலின் மடிப்புகளைப் பிடித்துத் தட்டையாக்கும்.

இரண்டையும் தனித்தனியே சோதித்த பெரிய பிரிட்டிஷ் ஆய்வுகள், வடகிழக்கு இங்கிலாந்தின் பேராசிரியர் காலின் ரீஸ் குழுவினுடையவை. 2019இல் வெளிவந்த உறை ஆய்வில் 1772 பேர் பங்கேற்றனர்; புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப் வகையான அடினோமா ஒன்றாவது கண்டறியப்பட்டோர் விகிதம் 36.2 சதவீதத்திலிருந்து 40.9 ஆனது. 2024இல் வெளிவந்த மென்பொருள் ஆய்வில் 2032 பேர், அங்கே 48.4 என்பது 56.6 ஆனது. இந்த மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் மென்பொருளே முந்துகிறது. ஆனால் உறை ஆய்வில், எங்களிடம் வருவோரைப் போல மலப் பரிசோதனைக்குப் பின் வந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது 50.9 சதவீதம் 61.7 ஆகியிருந்தது. வெவ்வேறு கூட்டத்தாரிடம் நடந்த ஆய்வுகளை நேரடியாகக் கழித்துப் பார்ப்பது முறையல்ல என்பதால், எண்களை வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறொரு விஷயம். மென்பொருள் திரையில் வந்ததை மட்டுமே பார்க்கும். கல்லீரலுக்கு அடியில் பெருங்குடல் வளையும் இடத்தில், வலப்பக்கக் குடலின் மடிப்புகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும். குழாயைச் சற்று வேகமாக இழுத்துவிட்டால் நான்கு விரற்கடை நீளம் ஒரே வழுக்கலில் பின்னே போய்விடும், அந்த மடிப்புகளின் மறுபக்கத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காத இடத்துக்குக் கட்டம் எழாது; கட்டம் எழாத திரையோ, எல்லாம் சரியாக இருப்பது போன்ற ஓர் அமைதியைத் தரும். அந்த அமைதிதான் எனக்கு அச்சமூட்டியது. உறை மாட்டிய குழாய் அப்படி வழுக்குவது குறைவு. விரல்கள் மடிப்பில் மாட்டி இழுபடும்போது கையிலேயே அந்தப் பிடிப்பு தெரியும், மடிப்பு மெல்லத் திரும்பித் தன் பின்புறத்தைக் காட்டும். ஒருநாள் அப்படித் திரும்பிய மடிப்பின் பின்னால், மஞ்சள் சளி படர்ந்த தட்டையான பாலிப் ஒன்று பத்து மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. திரைக்கு வந்த பின் அதை நானே கண்டுகொண்டேன், கட்டம் தேவைப்படவில்லை. 2023இல் வெளியான ஓர் ஆய்வு மென்பொருளை மட்டும் பயன்படுத்துவதையும் அதனுடன் உறையையும் சேர்ப்பதையும் ஒப்பிட்டது, சேர்த்தபோது அடினோமா கண்டறியும் விகிதம் 49.6 சதவீதம், மென்பொருள் மட்டும் என்றால் 44.0. மென்பொருள் இருக்கும்போதே மடிப்புக்குப் பின்னால் இவ்வளவு மிச்சமிருக்கிறது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

பொய்க் கட்டங்களைப் பற்றிப் பலர் புலம்புகிறார்கள். குமிழி, மலத் துணுக்கு, சுருங்கிய சுவர் ஆகிய எல்லாவற்றுக்கும் பச்சை மின்னத்தான் செய்யும்; ஓர் இத்தாலிய ஆய்வு ஒரு பரிசோதனைக்குச் சராசரியாக 27 என்று எண்ணியது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண் ஒரு நொடியில் தள்ளிவிடுகிறது, ஆகவே அதை நான் பெரிய குறையாகக் கொள்ளவில்லை. போலந்தில் நான்கு மையங்களில் நடந்து 2025இல் வெளியான ஆய்வுதான் யோசிக்க வைத்தது: மென்பொருள் வந்த பின், அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அதே மருத்துவர்களின் கண்டறியும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆகக் குறைந்திருந்தது. பின்னோக்கிப் பார்த்த ஆய்வு என்பதால் காரணம் இதுவேதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

உறைக்கும் குறைகள் உண்டு. ஆசனவாயில் நுழையும்போது நோயாளிக்குச் சற்றுக் கூடுதலாக வலிக்கும். சுவரில் சிறு பைகள் புடைத்து இறுகிய சிக்மாய்டு குடலில் (பெருங்குடலின் வளைந்த கீழ்ப்பகுதி) அது நுழைய மறுக்கும். மேற்சொன்ன 2019 உறை ஆய்விலும் 4.1 சதவீதத்தினரிடம் கழற்ற வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் குப்பையும் சேர்கிறது. இரண்டு வழிகளிலும் கூடுதலாகக் கிடைப்பவற்றில் பல ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைந்த பாலிப்புகளே என்ற விமர்சனமும் நியாயமானதுதான். எனினும் 2020 பிரிட்டிஷ் வழிகாட்டுதலின்படி, பெரிய பாலிப் எதுவும் இல்லாமல், எண்ணிக்கையில் ஐந்துக்கும் குறைவான சிறு பாலிப்புகள் மட்டும் இருந்தால் மூன்றாண்டில் திரும்ப அழைப்பதில்லை என்பதால், நோயாளிக்கு அதனால் வரும் சுமை நினைப்பதைவிடக் குறைவு.

மென்பொருளோடு எனக்குப் பழக்கம் ஆறு வாரம் மட்டுமே, அதுவும் ஆண்டுக்கணக்கில் இந்த வேலையைச் செய்த கண்ணோடு. பயிற்சியில் இருப்பவருக்கும், மாலை ஐந்து மணிக்குப் பட்டியலின் கடைசி நோயாளியைப் பார்ப்பவருக்கும் கட்டம் என்னைவிட அதிகம் உதவக்கூடும். அவர்கள் என் பேச்சைக் கேட்டு அதை ஒதுக்க வேண்டாம். எங்கள் பிராசசர்களை மாற்றும் காலமும் நெருங்குகிறது, புதியவற்றோடு மென்பொருளையும் வாங்கிவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. வரட்டும், உறைப் பெட்டிகளுக்கான ஆர்டரை நிறுத்த வேண்டாம் என்று பொறுப்புச் செவிலியரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.