பப்ளிக் ஐபி என்று விற்கிறார்கள்: காசு கொடுக்க முன் ரவுட்டரைப் பாருங்கள்

வெள்ளவத்தைத் துணிக்கடை ஒன்றில் கமரா பூட்ட வந்தவர், "பப்ளிக் ஐபி எடுத்துத் தாறன், வீட்டிலயிருந்தே கடையைப் பாக்கலாம்" என்று தனியாகக் காசு வாங்கியிருக்கிறார். பப்ளிக் ஐபி, அதாவது பொது ஐபி என்பது வெளி இணையத்திலிருந்து நேரே அடையக்கூடிய முகவரி. கடை வைஃபையில் படம் வந்தது, வீட்டில் வரவில்லை. கேட்டால், ரவுட்டர் பழுதாம், புதிது வாங்கட்டாம். ரவுட்டரில் ஒரு பிழையும் இல்லை. அதன் வான் (WAN) முகவரி, அதாவது ரவுட்டரின் இணையப் பக்கத்து முகவரி, 100.72 என்று தொடங்கியது, அவ்வளவுதான்.

100.64.0.0 முதல் 100.127.255.255 வரையான முகவரிகள், ஐபிவி4 (நான்கு எண்களாலான இந்த வகை முகவரி) தட்டுப்பாட்டால் சேவை நிறுவனங்களின் உள்வலைக்கென 2012இல் ஒதுக்கப்பட்டவை. சிஜிநாட் (CGNAT) என்ற இந்த முறையில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறார்கள். வெளியிலிருந்து வரும் இணைப்பு யாருக்குரியது என்று தெரியாமல் நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும். உங்கள் ரவுட்டரில் போர்ட் ஃபோர்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கமராவுக்குத் திருப்பிவிடும் அமைப்பு) செய்தும் பயனில்லை, மாறும் ஐபியை ஒரு நிலையான பெயரோடு இணைத்து வைக்கும் டிடிஎன்எஸ்ஸும் (DDNS) உதவாது.

ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வான் ஐபியைக் குறியுங்கள். விபிஎன் (வேறு இடம் வழியாக இணைக்கும் மறைகுறியிட்ட இணைப்பு) இருந்தால் நிறுத்திவிட்டு, அதே வைஃபையில் கூகுளில் 'என் ஐபி என்ன' என்று தேடி வரும் தளமொன்றில் ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் பொது ஐபி. வான் முகவரி 10, 192.168, 172.16 முதல் 172.31 வரை என்று தொடங்கினால் இல்லை. ஆனால் ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் கடையின் சொந்த ரவுட்டர் இருந்தால் அதில் 192.168தான் தெரியும், அப்போது ஃபைபர் பெட்டியின் வான் முகவரியைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஏமாற்று, மாறும் பொது ஐபியை நிலையானது என்று விற்பது. ரவுட்டரை அணைத்துப் போட்டதும் முகவரி மாறினால் அது நிலையானதல்ல. மாறாவிட்டாலும் அதை மட்டும் வைத்து நிலையானது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இணைப்புக்குச் சொந்தக்காரரே நிறுவனத்தை அழைத்துக் கேட்க வேண்டும். கமரா பார்க்க மட்டும் என்றால் மாறும் பொது ஐபியும் டிடிஎன்எஸ்ஸும் போதும். கியூஆர் குறியை ஸ்கேன் செய்து, கமரா நிறுவனத்தின் சேர்வர் வழியாக இணைத்துப் பார்க்கும் பி2பி (P2P) வசதியுள்ள கமராவுக்கு அதுவும் தேவையில்லை, சிஜிநாட்டுக்குள்ளும் வேலை செய்யும். இதை முதலிலேயே சொல்லாமல் காசு வாங்குவதுதான் பெரிய அநியாயம்.

உண்மையான பொது ஐபி கிடைத்தாலும் டிவிஆரின் (கமராப் படங்களைப் பதியும் பெட்டி) 8000, 37777 போன்ற போர்ட்களை (இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்கள்) நேரே திறந்து விடாதீர்கள். ஹிக்விஷன் என்ற கமரா நிறுவனத்தின் கருவிகளில் 2021இல் வெளியான குறைபாடு, கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைய விட்டது. வயர்கார்ட் போன்ற விபிஎன் வழியாகப் பாருங்கள்.

பூட்டுபவர் நிற்கும்போதே ஃபோனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் படம் வருகிறதா என்று பார்த்த பிறகு மிச்சக் காசைக் கொடுங்கள். நிலையான ஐபிக்கென்று காசு கேட்டால் பில்லில் அப்படியே எழுதி வாங்குங்கள்.